ஊர் மன்றத்தில் விவசாயத்துக்கு ஒரு நாற்காலி

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சின்னச் சின்ன ஊர்கள் வழியாகக் காரில் போகும்போது, சில ஊர்களின் எல்லையில் ஒரு பலகை நிற்கும். 'விவசாயம் செய்யும் உரிமையுள்ள ஊருக்குள் நுழைகிறீர்கள்' என்ற பொருளில் ஒரே ஒரு வரி. அவரவர் நிலத்தில் அவரவர் பயிர் செய்வதற்குத் தனியாக உரிமை எதற்கு, அதைப் பலகையில் எழுதி எல்லையில் நடுவானேன் என்று தோன்றும். அந்தப் பலகையின் பின்னால் பெரும்பாலும் அந்த ஊரின் வேளாண் குழு இருக்கும். ஐந்து பேரோ ஏழு பேரோ, சம்பளம் எதுவும் வாங்காமல், மாதம் ஒருமுறை மாலையில் கூடிப் பேசும் குழு அது. அது எப்படி இயங்குகிறது, பண்ணைக்காரர்களுக்கு அதனால் என்ன கிடைக்கிறது என்று பார்க்கலாம்.

முதலில் பெயர். ஆங்கிலத்தில் இதை அக்ரிகல்ச்சுரல் கமிஷன் என்பார்கள். பேச்சில் சுருக்கி 'ஆக்-காம்'. கமிஷன் என்பதை ஆணையம் என்று மொழிபெயர்த்தால் தப்பான படம் மனதில் விழும். ஆணையிடும் வேலையே இதற்குக் கிடையாது. யாருக்கும் அபராதம் போட முடியாது, உரிமம் தர முடியாது, ஒரு கட்டடத்தைத் தடுத்து நிறுத்த முடியாது. எனவே குழு என்றே சொல்கிறேன். அதிகாரமே இல்லாத குழுவால் என்ன பயன் என்பது நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தெரிய வேண்டுமென்றால் அந்த ஊர்கள் எப்படி ஆளப்படுகின்றன என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நியூ இங்கிலாந்து பகுதியில், அதாவது மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர், கனெக்டிகட் போன்ற வடகிழக்கு மாநிலங்களில், மாவட்ட நிர்வாகத்தைவிட ஊர் நிர்வாகம்தான் முக்கியம். மாசசூசெட்ஸில் மட்டும் 351 நகரங்களும் ஊர்களும் இருக்கின்றன. பெரும்பாலான ஊர்களில் வருடத்துக்கு ஒருமுறையாவது வாக்காளர்கள் கூடும் டவுன் மீட்டிங் நடக்கும். வரவு செலவும் ஊர்ச் சட்டங்களும் அங்கேதான் ஓட்டுக்கு வரும். அன்றாட நிர்வாகத்தை செலக்ட் போர்டு என்ற சிறு மன்றம் பார்த்துக்கொள்கிறது. அதோடு தனித்தனி வாரியங்கள்: எங்கே என்ன கட்டலாம் என்று பார்க்க ஒரு திட்ட வாரியம், சுகாதாரத்துக்கு ஒன்று, ஓடை, சதுப்பு நிலம் போன்றவற்றைக் காக்க ஒன்று. இவற்றில் உட்கார்ந்திருப்பவர்கள் நல்ல எண்ணம் உள்ள ஊர்க்காரர்களே. ஆனால் அவர்களில் எத்தனை பேர் மாடு வளர்த்திருப்பார்கள்?

சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. சுகாதார வாரியம் கோழி வளர்ப்புக்கு ஒரு விதி எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக் கொல்லையில் ஆறு கோழி வைத்திருப்பவரை மனதில் வைத்து எழுதிய விதி, அறுநூறு கோழி வைத்து முட்டை விற்றுப் பிழைக்கும் பண்ணைக்கும் சேர்ந்தே பொருந்திவிடும். யாருக்கும் கெடுதல் செய்ய வேண்டும் என்ற எண்ணம் இல்லை. அந்த அறையில் பண்ணையைப் பற்றித் தெரிந்தவர் இல்லை, அவ்வளவுதான். விதி நிறைவேறிய பிறகு பண்ணைக்காரர் வந்து சண்டை போட்டால் கசப்புதான் மிஞ்சும். எழுதும்போதே ஒருவர் பக்கத்தில் இருந்து 'இந்த வரி இவரையும் பாதிக்குமே' என்று சொல்லியிருந்தால் அரைமணி நேரத்தில் முடிந்திருக்கும்.

வேளாண் குழுவின் மதிப்பு அங்கேதான் என்று நான் நினைக்கிறேன். முடிவு எடுக்கும் அறைக்குள், முடிவு எடுப்பதற்கு முன்னால், விவசாயத்துக்கு ஒரு நாற்காலி. விவசாயிகள் சங்கம் வெளியிலிருந்து மனு கொடுக்கும். இந்தக் குழுவோ ஊர் நிர்வாகத்தின் ஓர் உறுப்பு. அதன் கருத்து அலுவல் முறையில் பதிவாகிறது, மற்ற வாரியங்கள் அதைக் கேட்டு வாங்குகின்றன.

இப்படி ஊர்க்காரர்களையே வைத்துக் குழு அமைக்கும் பழக்கம் அங்கே புதிதில்லை. மாசசூசெட்ஸ் 1957-லேயே இயற்கைப் பாதுகாப்புக்கு ஊர் அளவில் குழுக்கள் அமைக்கச் சட்டம் செய்தது. வேளாண் குழுக்கள் பெரும்பாலும் 2000-க்குப் பிறகுதான் பரவின. இன்று அந்த மாநிலத்தில் மட்டும் 150-க்கும் மேற்பட்ட ஊர்களில் இருக்கின்றன. நியூ ஹாம்ப்ஷயரில் இதற்கென்றே மாநிலச் சட்டத்தில் பிரிவுகள் உண்டு: மூன்று முதல் ஏழு உறுப்பினர்கள், ஊரில் உள்ள விவசாய வளங்களைக் கணக்கெடுப்பது, ஊரின் நீண்டகாலத் திட்டத்துக்கு உதவுவது, நன்கொடை வாங்கித் தனி நிதியாக வைத்துக்கொள்வது என்று வேலைகளையும் அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த நிதி வருடக் கடைசியில் காலாவதி ஆகாமல் சேர்ந்துகொண்டே போகலாம். சின்ன விஷயம் மாதிரி தெரிந்தாலும் ஒரு சிறு குழுவுக்கு அது பெரிய உதவி.

உறுப்பினர்களை வழக்கமாக செலக்ட் போர்டு நியமிக்கும், பதவிக்காலம் மூன்று வருடம். அந்த ஊரில் குடியிருப்பவராக இருக்க வேண்டும், அவர்களில் பெரும்பான்மையோர் விவசாயத்தோடு தொடர்புள்ளவர்களாக இருக்க வேண்டும் என்று பல ஊர்கள் விதி வைத்திருக்கின்றன. பால் பண்ணைக்காரர், காய்கறி போடுபவர், குதிரை வளர்ப்பவர், தேனீ வளர்ப்பவர், அப்புறம் விவசாயமே செய்யாத ஆனால் அக்கறையுள்ள ஒருவர் என்று கலந்து இருந்தால் நல்லது. விவசாயம் செய்யாத அந்த ஒருவர் தேவை என்பது என் உறுதியான கருத்து. குழு ஒரு தொழில் கூட்டமாகச் சுருங்கிவிடாமல், ஊராரின் கேள்விகளை உள்ளே கொண்டுவருபவர் அவர்தான்.

சரி, இனி எல்லைப் பலகைக்கு வருவோம். அதன் பின்னால் இருப்பது 'விவசாயம் செய்யும் உரிமை' என்ற ஊர்ச் சட்டம். இதில் புதிய உரிமை என்று அதிகம் இல்லை. மாநிலச் சட்டத்தில் அங்கங்கே சிதறிக் கிடப்பதை ஊர் தன் வாயால் ஒருமுறை சேர்த்துச் சொல்கிறது. உதாரணமாக, வழக்கமான முறையில் கால்நடை வளர்ப்பதால் வரும் வாடை, வயலில் எரு இடும்போது வரும் நாற்றம், உழும்போது வரும் சத்தம் இவற்றைத் தொல்லை என்று கருதக் கூடாது என்று மாசசூசெட்ஸின் சுகாதாரச் சட்டமே சொல்கிறது. ஐந்து ஏக்கரோ அதற்கு மேலோ உள்ள நிலத்தில் விற்பனைக்காக விவசாயம் செய்வதை, எங்கே என்ன செய்யலாம் என்று வரையறுக்கும் நில உபயோக விதிகளைக் காட்டி ஊர் தடை செய்ய முடியாது. ஏக்கருக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் விற்பனை இருந்தால் இரண்டு ஏக்கரே போதும். இதெல்லாம் சட்டப் புத்தகத்தில் இருந்து யாருக்கு என்ன லாபம்? புதிதாக வீடு வாங்கி வருபவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா. அதனால் இந்த ஊர்ச் சட்டத்தில் இன்னொரு பகுதி உண்டு: வீடோ மனையோ கைமாறும்போது, 'இந்த ஊரில் விவசாயம் நடக்கிறது, அதனால் சத்தமும் தூசியும் வாடையும் இருக்கலாம்' என்று வாங்குபவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

தெரிவித்தாலும் புகார் வரத்தான் செய்யும். அதை எப்படித் தீர்க்கிறார்கள் என்பதை ஓர் உதாரணத்தோடு விரிவாகப் பார்ப்போம், ஏனென்றால் குழுவின் தரம் இங்கேதான் தெரியும்.

ஒரு குடும்பம் மாட்டுப் பண்ணைக்குப் பக்கத்தில் வீடு வாங்குகிறது. குளிர்காலத்தில் வீட்டைப் பார்த்தபோது வயல் முழுக்கப் பனி, ஒரு வாடையும் இல்லை. வசந்தம் வந்து நிலம் இளகியதும் மக்காச்சோளம் விதைப்பதற்கு முன் பண்ணைக்காரர் சாண எருவை வாரி இறைக்கிறார். ஜன்னலைத் திறக்க முடியவில்லை. அவர்கள் செலக்ட் போர்டுக்கோ சுகாதார வாரியத்துக்கோ புகார் எழுதுகிறார்கள். ஊர்ச் சட்டத்தின் மாதிரி வடிவப்படி, புகாரின் நகல் வேளாண் குழுவுக்கு வரும். குழு விசாரித்து, இரு தரப்பையும் பேச வைத்து, குறித்த காலத்துக்குள் தன் பரிந்துரையைத் திருப்பி அனுப்ப வேண்டும். இதற்காகப் புகார்தாரர் நீதிமன்றம் போகும் உரிமையை இழப்பதில்லை. அதற்கான காலக்கெடுவும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

குழுவிலிருந்து இரண்டு பேர் நேரில் போகிறார்கள். இரண்டு வீட்டிலும் உட்கார்ந்து பேசுகிறார்கள். இந்தச் சமயத்தில் ஏன் எரு இட வேண்டியிருக்கிறது என்று குடும்பத்துக்கு விளக்குகிறார்கள். பண்ணைக்காரரிடம் வேறொன்றைச் சொல்கிறார்கள்: இறைத்த எருவைச் சில மணி நேரத்துக்குள் உழுது மண்ணோடு கலந்துவிட்டால் வாடை வெகுவாகக் குறையும், அம்மோனியாவாகக் காற்றில் போகும் தழைச்சத்தும் வயலிலேயே நிற்கும். லாபம் அவருக்கும்தான். முடிந்தால் வார இறுதியைத் தவிர்க்கலாம், இரண்டு நாள் முன்னால் பக்கத்து வீட்டுக்கு ஒரு போன் போடலாம். துணி காயப்போடும் நாளை அவர்கள் மாற்றிக்கொள்வார்கள்.

இதே இடத்தில் எருக் குவியல் ஓடைக்கு அருகே கிடந்து மழையில் கரைந்து ஓடினால் கதை வேறு. அது வழக்கமான, ஏற்றுக்கொள்ளப்பட்ட விவசாய முறை ஆகாது. சட்டம் அதைக் காப்பாற்றாது. குழு அதைப் பண்ணைக்காரரின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். எப்போதும் பண்ணைக்காரர் பக்கமே பேசும் குழுவின் வார்த்தையை ஊரில் யாரும் மதிக்க மாட்டார்கள். அதிகாரம் இல்லாத குழுவுக்கு அந்த மதிப்பு ஒன்றுதான் கைமுதல். இன்னொரு விவசாயி வந்து 'இது சரியில்லை, நானாக இருந்தால் இப்படிச் செய்ய மாட்டேன்' என்று சொல்லும்போது ஏற்படும் விளைவை எந்த அதிகாரியின் நோட்டீஸும் ஏற்படுத்தாது.

அடுத்தது நிலம். இதுதான் எல்லாவற்றிலும் பெரியது என்று நினைக்கிறேன், குழுக்கள் போதிய கவனம் கொடுக்காமல் விடுவதும் இதைத்தான்.

மாசசூசெட்ஸில் 61ஏ என்று ஒரு சட்டப் பிரிவு இருக்கிறது. ஒருவரிடம் குறைந்தது ஐந்து ஏக்கர் விவசாய நிலம் இருந்து, அதிலிருந்து ஆண்டுக்குக் குறைந்தது 500 டாலர் விற்பனை இருந்தால், அந்த நிலத்துக்கு மனை விலையில் வரி போடாமல் விவசாய மதிப்பில் வரி போடும்படி கேட்கலாம். ஐந்து ஏக்கருக்கு மேல் போனால் கூடுதல் ஏக்கருக்கு 5 டாலர் வீதம் விற்பனை இருக்க வேண்டும். வீட்டு மனை விலை ஏறிக்கிடக்கும் ஊர்களில் இந்தச் சலுகை இல்லாவிட்டால் வரி கட்டுவதற்காகவே நிலத்தை விற்க வேண்டி வரும். எல்லாருக்கும் இது தெரிவதில்லை, குறிப்பாக அண்மையில் நிலம் வாங்கிய இளைஞர்களுக்கு. விண்ணப்பம் எப்படி எழுதுவது, ஊரின் சொத்து மதிப்பீட்டாளரிடம் என்ன காட்டுவது என்று சொல்லிக்கொடுப்பது குழுவின் எளிய, மிகப் பயனுள்ள வேலை.

இந்தச் சலுகைக்கு ஈடாக ஊருக்கு ஓர் உரிமை கிடைக்கிறது. 61ஏ-யின் கீழ் உள்ள நிலத்தை வீட்டு மனையாக்கவோ வேறு உபயோகத்துக்கோ விற்கப் போவதாக உரிமையாளர் முடிவு செய்தால், ஊருக்கு முதலில் அறிவிக்க வேண்டும். வாங்க வந்தவர் சொன்ன அதே விலையைக் கொடுத்து ஊரே அதை வாங்கிக்கொள்ளலாம், அல்லது அந்த உரிமையை ஒரு நிலப் பாதுகாப்பு அறக்கட்டளைக்கு மாற்றிக் கொடுக்கலாம். யோசிப்பதற்கு 120 நாள்.

120 நாள் என்பது கேட்க நிறைய மாதிரி இருக்கும். பணம் எங்கிருந்து வரும் என்று தேட வேண்டும், அறக்கட்டளைகளோடு பேச வேண்டும், பொது விசாரணை வைக்க வேண்டும், தேவைப்பட்டால் டவுன் மீட்டிங்கைக் கூட்ட வேண்டும். அறிவிப்பு வந்த பிறகுதான் 'இந்த நிலம் எப்படிப்பட்டது, இதைப் பயிர் செய்ய யார் இருக்கிறார்கள்' என்று முதல் தடவையாக யோசிக்கும் ஊர், அந்தக் கெடுவுக்குள் கரை சேர்வது கடினம். வேளாண் குழு முன்பே ஒரு பட்டியல் வைத்திருந்தால் நிலைமை மாறும். எந்தப் பண்ணையில் மண் உயர்ந்தது, எதில் தண்ணீர் இருக்கிறது, எந்த வயல் பக்கத்துப் பண்ணையோடு ஒட்டியிருக்கிறது, குத்தகைக்கு நிலம் தேடும் இளம் விவசாயி யார் என்று தெரிந்திருந்தால், முதல் வாரத்திலேயே செலக்ட் போர்டிடம் 'இதை விடாதீர்கள்' என்றோ 'இதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம்' என்றோ சொல்லலாம். இரண்டாவதைச் சொல்லவும் துணிவு வேண்டும்.

மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. கனெக்டிகட் ஆற்றின் பள்ளத்தாக்கில் ஹேட்லி என்ற ஊர் இருக்கிறது. ஆஸ்பராகஸ் என்ற தண்டுக் காய்க்குப் பேர்போனது. பனியுகத்தின் கடைசியில் அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு பெரிய ஏரி கிடந்தது. அந்த ஏரியும் அதற்குப் பின் ஆற்று வெள்ளமும் கொண்டுவந்து போட்ட வண்டலில் கல்லே தட்டுப்படாது. நியூ இங்கிலாந்தின் மற்ற பகுதிகளில் வயலுக்கு வயல் கல் பொறுக்கிச் சுவர் கட்டி வைத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆயிரக்கணக்கான வருடங்களில் படிந்த அந்த மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு அஸ்திவாரம் போட ஒரு வாரம் போதும்.

நிரந்தரமாகக் காப்பாற்ற இன்னொரு வழியும் உண்டு. மாசசூசெட்ஸ் 1977-ல் சட்டமியற்றித் தொடங்கிய திட்டம் அது. விவசாய நிலப் பாதுகாப்புக் கட்டுப்பாடு என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரை ஏபிஆர் என்று சுருக்கிச் சொல்வார்கள். சந்தை விலைக்கும் விவசாய மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டு விவசாயிக்குப் பணம் கொடுக்கிறார்கள். கணக்குப் புரிவதற்காகச் சொன்னால், மனையாக விற்றால் 5 லட்சம் டாலர் பெறும் நிலம் வயலாக 2 லட்சம்தான் பெறும் என்றால், வித்தியாசம் 3 லட்சம். அதற்கு ஈடாக, இனி எந்தக் காலத்திலும் இதில் வீடு கட்டுவதில்லை என்று பத்திரத்தில் கட்டுப்பாடு ஏறிவிடும். நிலம் அவருடையதாகவே இருக்கும். விற்கலாம், பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், வாங்குபவரையும் அந்தக் கட்டுப்பாடு கட்டும். இதில் பல சமயம் ஊரும் ஒரு பங்கு போட வேண்டியிருக்கும். டவுன் மீட்டிங்கில் எழுந்து நின்று அந்தப் பங்கு ஏன் செலவழிக்கத் தகுந்தது என்று ஊராருக்குச் சொல்லும் வேலை, இயல்பாகவே வேளாண் குழுவிடம் வந்து சேர்கிறது.

பண்ணைகளின் வரைபடம் அச்சடிப்பது, உழவர் சந்தை நடத்த உதவுவது, பள்ளிப் பிள்ளைகளைப் பண்ணைக்கு அழைத்துப் போவது போன்ற வேலைகளும் உண்டு. இவை கண்ணுக்குத் தெரியும், எல்லாருக்கும் பிடிக்கும். சில குழுக்கள் இதோடு நின்றுவிடுகின்றன. 2022 வேளாண் கணக்கெடுப்பின்படி மாசசூசெட்ஸில் சுமார் 7,000 பண்ணைகள், பெரும்பாலானவை சின்னவை. அவற்றில் பல நேரடி விற்பனையை நம்பி இருப்பதால் வரைபடமும் சந்தையும் வீண் வேலை ஆகாது. ஆனாலும் ஒரு மாலை நேரத்தை எதற்குக் கொடுப்பது என்று கேட்டால், திட்ட வாரியத்தின் கூட்டத்தில் போய் உட்காருவதற்கு என்பேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். விவசாயிக்கு நேரம் இல்லாத காலமும் குழுவின் உதவி அதிகம் தேவைப்படும் காலமும் ஒன்றாக வரும், அதாவது கோடை. பாதிக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் வந்தால்தான் கூட்டம் செல்லும். பட்ஜெட் என்று பெரிதாக எதுவும் இருக்காது. சம்பளம் இல்லாவிட்டாலும் சட்டப்படி அவர்கள் ஊர் ஊழியர்கள் மாதிரிதான்: தன் சொந்தப் பண்ணையைப் பற்றிய விஷயம் வந்தால் எழுந்து விலகிக்கொள்ள வேண்டும், கூட்டத்துக்கு வேலை நாள் கணக்கில் 48 மணி நேரம் முன்பே அறிவிப்பு ஒட்ட வேண்டும், குறிப்பு எழுதி வைக்க வேண்டும். ஐந்து பேர் குழுவில் மூன்று பேர் ஒரு விஷயத்தை மின்னஞ்சலிலேயே விவாதித்துக்கொண்டால்கூட மாசசூசெட்ஸில் அது திறந்த கூட்டச் சட்டத்தை மீறியதாகிவிடும். புதிதாக வருபவர்கள் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

ஊரில் இப்படி ஒரு குழு இல்லை, ஆரம்பிக்க வேண்டும் என்றால்? மாசசூசெட்ஸில் பதிவு செய்த வாக்காளர்கள் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டால், வருடாந்திர டவுன் மீட்டிங்கின் நிகழ்ச்சி நிரலில் ஒரு தீர்மானத்தைச் சேர்க்க முடியும். ஓட்டில் ஜெயித்து ஊர்ச் சட்டமாக நிறைவேறினால் மாநில அட்டர்னி ஜெனரலின் ஒப்புதலுக்குப் போகும். ஓட்டுக்கு முன்னால் பண்ணை பண்ணையாகப் போய்ப் பேசுவது நல்லது. ஏனென்றால் 'இன்னொரு வாரியமா, இன்னொரு விதியா' என்று முதலில் பயப்படுபவர்கள் விவசாயிகளாகவே இருப்பார்கள். இந்தக் குழு விதி போடாது என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நியமனம் ஆனதும் முதல் கூட்டத்தில் ஊர் வரைபடத்தை மேஜையில் விரித்துப் பண்ணைகளைக் குறிக்க ஆரம்பிக்கலாம். பெரிய பால் பண்ணை எல்லாருக்கும் தெரியும். மரத்துக்குப் பின்னால் நாலு ஏக்கரில் பூச்செடி வளர்ப்பவர், பத்து ஆடு வைத்திருப்பவர், தாத்தா காலத்துப் புல்வெளியை இன்னொருவருக்கு வாய்மொழிக் குத்தகைக்கு விட்டிருப்பவர், இவர்களைத் தேடிப் போக வேண்டியிருக்கும். ஏக்கர், பயிர், தண்ணீர் எல்லாம் எழுதிய பிறகு கடைசியாக ஒரு கேள்வி: உங்களுக்கு அப்புறம் இந்த நிலத்தை யார் பார்த்துக்கொள்வார்கள்? தெரியாது என்று பதில் வந்த பண்ணைகளைத் தனி நிறத்தில் குறித்து வைத்துக்கொண்டால், குழுவின் அடுத்த மூன்று வருட வேலை அந்த வரைபடத்திலேயே இருக்கும்.